மேற்குச் சிட்னியில் வீடு தேடுவோருக்கு: கார் ஓட்டாதவரிடமிருந்து தொடங்குங்கள்

(புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடியிருப்பாளர்களுக்காக நகரசபை நூலகத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



"எந்தப் பகுதியில் வீடு எடுப்பது நல்லது?" என்பதுதான் இங்கு புதிதாக வருவோர் முதலிற் கேட்கும் கேள்வி. வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, சில வேளைகளில் விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, இக்கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் ஓர் ஊரின் பெயரை எதிர்பார்க்கிறார். வென்ட்வர்த்வில் என்றோ பென்டில் ஹில் என்றோ சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி. நான் பெயர் எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: உங்கள் வீட்டில் கார் ஓட்டாதவர் யார்?

பெரும்பாலான குடும்பங்களில் இதற்கு விடை உண்டு. ஊரிலிருந்து அழைத்து வந்த தாயாராக இருக்கலாம். இங்கு வந்து இன்னும் அனுமதிப்பத்திரம் பெறாத மனைவியாகவோ கணவனாகவோ இருக்கலாம். பதினான்கு வயது மகளாக இருக்கலாம். வீட்டைத் தெரிவு செய்பவரோ வழக்கமாகக் கார் ஓட்டுபவர். அவருக்கு எல்லாமே பத்து நிமிடத் தூரம். "கடை பத்து நிமிடம், மருத்துவர் பத்து நிமிடம், கோயில் பதினைந்து நிமிடம்" என்று கணக்கிட்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திடுகிறார். மறுநாட் காலை ஏழு மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும், அந்தப் பத்து நிமிடங்கள் அனைத்தும் அவருடனேயே புறப்பட்டுவிடுகின்றன.

எனக்குத் தெரிந்த குடும்பமொன்று வடமேற்கின் புதிய குடியிருப்புப் பகுதியொன்றில் வீடெடுத்தது. நான்கு படுக்கையறைகள், புதிய சமையலறை, இரண்டு கார் நிறுத்துமிடம். வார வாடகையும் அவர்கள் முன்னர் பார்த்த பழைய வீட்டைவிடக் குறைவு. குறை சொல்ல எதுவும் இல்லாத வீடு. ஆனால் அங்கிருந்து பேருந்து மணிக்கு ஒன்று; நடைபாதை பாதி வழியில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா எழுபது வயதிலும் நாள்தோறும் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து போய் வந்தவர். அந்த வீட்டில் அவர் எட்டு மாதங்கள் சன்னலருகே இருந்தார். மருத்துவர் நீரிழிவுக்கு நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் டூங்காபியில் தொடருந்து நிலையத்துக்கு அருகே, ஓர் அறை குறைவான பழைய அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார்கள். இப்போது அம்மா காலையிற் கறிவேப்பிலை வாங்கத் தாமே போகிறார். மாறிய செலவையும் இழந்த எட்டு மாதங்களையும் யாரும் திருப்பித் தரவில்லை.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் விரைவில் எடுத்துவிடலாம் என்று நம்பி வீடெடுப்போரும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில், நிரந்தர வதிவுரிமையுடன் வருபவர் தமது வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்துடன் மூன்று மாதங்கள் வரையே ஓட்டலாம். தற்காலிக விசாவில் வருபவருக்கு ஆறு மாதங்கள். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரம் உடையவர்கள் அறிவுத் தேர்வுக்கும் ஓட்டுநர் தேர்வுக்கும் தோற்றித் தேற வேண்டும். முதன்முறையிலேயே எல்லோரும் தேறுவதில்லை. ஊரில் இருபது வருடம் ஓட்டியவரும் இங்கு வட்டச்சந்தியிற் சைகை காட்டத் தவறித் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் ஆண்டு முழுவதும் கால்களையும் தொடருந்தையும் நம்பி வாழ முடியுமா என்று பார்த்தே முதல் வீட்டை எடுக்க வேண்டும்.

பணக் கணக்கும் இதையே சொல்லும். தொலைவிலுள்ள வீடு வாரத்துக்கு 70 டொலர் மலிவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,640 டொலர் மிச்சம். ஆனால் அங்கே இரண்டாவது கார் இல்லாமல் வாழ முடியாது. அதன் விலை ஒரு பக்கம் இருக்கட்டும்; பதிவுக் கட்டணம், பச்சைத்தாள் என்று இங்கு அழைக்கப்படும் கட்டாயக் காப்புறுதி, தனியான வாகனக் காப்புறுதி, பெட்ரோல், பராமரிப்பு, நெடுஞ்சாலைச் சுங்கம் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் பிடித்தது எங்கே போனது என்று பலர் இரண்டாவது ஆண்டிலேயே உணர்கிறார்கள்.

நம்மவர் பலர் வாழும் வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ் ஆகியவை ஒரே தொடருந்துப் பாதையில் அடுத்தடுத்து அமைந்தவை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஆஸ்திரேலியாவில் 95,000க்கும் மேற்பட்டோர் வீட்டிற் பேசும் மொழி தமிழ் என்று குறிப்பிட்டனர். அவர்களிற் கணிசமானோர் இந்தப் பாதையை அண்டியே வாழ்கின்றனர். இது தற்செயலாக நடந்ததன்று. வெஸ்ட்மீட்டில் பெரிய மருத்துவமனையும் சிறுவர் மருத்துவமனையும் உள்ளன. பரமட்டாவில் வேலைகள் உள்ளன. பரமட்டாவிலிருந்து விரைவுத் தொடருந்தில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் நகரின் மத்திய நிலையத்தை அடையலாம். கடைகள் மக்களைத் தொடர்ந்து வந்தன. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் அமைந்தது. பிறகு கடைகளையும் கோயிலையும் தொடர்ந்து மேலும் மக்கள் வந்தனர்.

ஆனால் ஒரே பாதை என்பதால் எல்லா நிலையங்களும் சமம் என்று எண்ண வேண்டாம். விரைவுத் தொடருந்துகள் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. உங்கள் வேலை நேரத்தில் உங்கள் நிலையத்தில் எது நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதை அட்டவணையில் நீங்களே பாருங்கள். வார இறுதிகளில் தண்டவாள வேலைகளுக்காகத் தொடருந்தை நிறுத்திப் பேருந்து விடுவதும் அடிக்கடி நடப்பது. சனி, ஞாயிறுகளில் வேலை செய்யும் தாதியர், முதியோர் இல்லப் பணியாளர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எல்லோரும் இங்கேயே நெருங்கி வாழ வேண்டும் என்று நான் கருதவில்லை. மக்குவாரி பார்க்கிலோ நோர்வெஸ்டிலோ வேலை கிடைத்த ஒருவர் வென்ட்வர்த்வில்லில் வீடெடுத்தால் நாள்தோறும் சிரமப்படுவார். வரைபடத்தில் மக்குவாரி பார்க் அருகில்தான் தெரிகிறது. ஆனால் நேரடித் தொடருந்து கிடையாது. அவருக்கு டல்லவாங்கிலிருந்து சாட்ஸ்வுட் சென்று நகர்வரை நீளும் மெட்ரோ பாதை பொருந்தும். 2019இல் அது திறக்கப்பட்ட பிறகு அப்பகுதியில் வாழ்வோருக்குக் காரின்றியும் வேலைக்குச் செல்லும் வழி பிறந்தது. அதேவேளை வடமேற்கு என்று பொதுவாகச் சொல்லும்போது கவனம் தேவை. மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில் போன்ற பகுதிகளில் நிலையமே இல்லை. "மெட்ரோவுக்கு அருகில்" என்ற விளம்பரத்துக்கு, காரில் அருகில் என்றே பெரும்பாலும் பொருள்.

தமிழ்க் கடையும் கோயிலும் அருகில் இருப்பதைப் பற்றியும் ஒரு சொல். கோயிலுக்கு வாரம் ஒரு முறை போகிறோம். மருந்தகத்துக்கும் பால் வாங்கவும் பிள்ளையைப் பாடசாலையில் விடவும் நாள்தோறும் போகிறோம். நாள்தோறும் போகுமிடம் நடைதூரத்திலும், வாரம் ஒரு முறை போகுமிடம் தொடருந்துத் தூரத்திலும் இருந்தாற் போதும். முதியவர்கள் உள்ள வீட்டுக்கு மட்டும் இதில் விலக்களிப்பேன். அம்மொழி பேசும் கடைக்காரர் ஒருவரும், வழியில் நின்று இரண்டு வார்த்தை பேச ஒருவரும் கிடைப்பது அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

இனிப் பாடசாலை. நம்மவரின் தெரிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். தவறான தகவல்கள் அதிகம் உலவுவதும் இதில்தான். நியூ சவுத் வேல்ஸ் அரச பாடசாலைகள் ஒவ்வொன்றுக்கும் வரையறுக்கப்பட்ட சேர்க்கை எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைக்கு அங்கு இடம் உண்டு; வெளியே வசிப்பவருக்கு இடம் மிஞ்சினாற்றான். எல்லை வீதியின் நடுவே போகலாம். எதிர்வீட்டுப் பிள்ளை வேறு பாடசாலைக்குப் போகலாம். ஆகையால் பகுதியின் பெயரை நம்பாமல், நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் முழு முகவரியைக் கல்வித் திணைக்களத்தின் இணையத் தேடலில் இட்டுப் பாருங்கள். சேர்க்கையின்போது முகவரிக்கான சான்றுகளைப் பாடசாலை கேட்கும். உறவினர் முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. தற்காலிக விசாவில் உள்ளோருக்கு வேறு நடைமுறைகளும், சில விசா வகைகளுக்குக் கட்டணமும் உள்ளன. வீடெடுப்பதற்கு முன்பே கேட்டறியுங்கள்.

தேர்வுநிலை உயர்பாடசாலைகள் வேறு வகை. கிரவீன், போல்கம் ஹில்ஸ், கார்லிங்ஃபோர்ட்டிலுள்ள ஜேம்ஸ் ரூஸ் ஆகியவற்றின் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் இடம் கிடைப்பது பிள்ளை எழுதும் தேர்வினால். வீட்டு முகவரியினால் அன்று. அந்த மதிலுக்கு அடுத்த வீட்டில் வசித்தாலும் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளை வேறு பாடசாலைக்கே போகும். இருந்தும் ஆறு வயதுப் பிள்ளைக்காகத் தேர்வுநிலைப் பாடசாலைக்கு அருகே கூடுதல் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாம்.

வீட்டைப் பார்வையிடும் முறை பற்றிச் சொல்கிறேன். இங்கு வீட்டைச் சனிக்கிழமை காலையிற் பதினைந்து நிமிடம் திறந்து காட்டுவார்கள். முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்திற் சமையலறையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்திற் காணி பார்க்கப் போன பெரியவர்கள் முதலிற் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, நன்னீரா உவர்நீரா என்று வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு ஒழுங்கையில் மழைக்கு வெள்ளம் நிற்குமா என்று அயலவரிடம் விசாரிப்பார்கள். வீட்டைக் கடைசியிலேயே பார்ப்பார்கள். அந்த முறை இங்கும் பொருந்தும். வேலைநாள் ஒன்றில் காலை ஏழரை மணிக்கு வந்து, வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை நடந்து பாருங்கள். கார் ஓட்டாதவரையும் அழைத்து வாருங்கள். அவருடைய நடையில் எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. பெருவீதியைக் கடக்கச் சமிக்ஞை விளக்கு உண்டா, நிலையத்தில் மின்தூக்கி உண்டா, திரும்பி வரும்போது ஏற்றமா, மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த வழியில் வெளிச்சம் உண்டா என்று கவனியுங்கள்.

கோடையின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்காற்று மேற்குச் சிட்னியை எட்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. 2020 ஜனவரி 4ஆம் நாள் பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. ஊரில் வெயிலுக்குப் பழகியவர்கள் நாம் என்று சொல்வோர் உண்டு. ஊரில் முற்றத்தில் வேம்பும் காற்றோட்டமுள்ள விறாந்தையும் இருந்தன. இங்கே மேற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னலும் கறுப்புக் கூரையும் மரமற்ற வீதியும் சேர்ந்தால், பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து. முடிந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். குளிரூட்டி இருக்கிறதா என்பதோடு, அது வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் விசாரிக்கத் தயங்க வேண்டாம். 2021 மார்ச்சிலும் 2022இலும் ஹோக்ஸ்பரி–நேப்பியன் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பெருவெள்ளம் வந்தது. வின்ட்சரை அண்டிய தாழ்நிலங்கள் மூழ்கின. கடந்த ஐந்து ஆண்டுகளுள் ஒரு வீடு கடும் வெள்ளத்துக்கோ காட்டுத்தீக்கோ உள்ளாகியிருந்தால், ஒப்பந்தத்துக்கு முன்னரே அதை வாடகையாளருக்கு அறிவிப்பது வீட்டு உரிமையாளரதும் முகவரதும் கடமை. வாங்க எண்ணுவோர், காணிக்கான திட்டமிடற் சான்றிதழை நகரசபையிடமிருந்து பெற்று வாசித்தறிய வேண்டும்.

அவசரப்படுவோருக்கு நேரும் இழப்பை இப்போது கணக்கிட்டுக் காட்டுகிறேன். குறித்த காலத்துக்கான ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், காலத்தின் காற்பங்கு கழியுமுன் வெளியேறுபவர் நான்கு வார வாடகையைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். காற்பங்குக்கும் அரைவாசிக்கும் இடையில் மூன்று வாரம். அரைவாசிக்கும் முக்காற் பங்குக்கும் இடையில் இரண்டு வாரம். அதன் பிறகு ஒரு வாரம். வாரம் 650 டொலர் வாடகையில் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் எழுதி, இரண்டாம் மாதத்தில் இடம் சரிவரவில்லை என்று வெளியேறினால் 2,600 டொலர். எனவே முதல் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குக் கேளுங்கள். முகவர் மறுக்கலாம், கேட்பதில் நட்டமில்லை. ஆறு மாத முடிவில் வெளியேற விரும்பினால் பதினான்கு நாள் முன்னறிவித்தல் போதும். நீங்கள் தொடர்ந்து இருந்தால் ஒப்பந்தம் தானாகவே நீடிக்கும். அதன்பின் வெளியேற இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும். 2025 மே 19 முதல், சட்டத்திற் கூறப்பட்ட காரணம் ஒன்றின்றி உரிமையாளர் உங்களை வெளியேற்ற முடியாது. ஆகவே குறுகிய ஒப்பந்தம் எடுத்தவர் தெருவில் நிற்க நேரிடும் என்ற அச்சத்துக்கு முன்போல் இடமில்லை.

பணம் கொடுப்பது பற்றி. பொண்ட் எனப்படும் பிணைப்பணம் நான்கு வார வாடகைக்கு மேற்படக் கூடாது. அது உரிமையாளரின் பையில் இருக்க வேண்டிய பணம் அன்று. மாநில அரசின் நியாய வர்த்தகத் திணைக்களத்திடம் வைப்பிலிடப்பட வேண்டியது. முன்வாடகையாக இரண்டு வாரத்துக்கு மேல் கோருதல் ஆகாது. விளம்பரப்படுத்திய வாடகையைவிடக் கூடுதலாகத் தரும்படி முகவர் உங்களைத் தூண்டுவதும் சட்டத்துக்கு மாறானது. வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்த முடியாது. குடிபுகும்போது தரப்படும் வீட்டின் நிலை அறிக்கையை ஏழு நாளுக்குள் நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். சுவரிலுள்ள ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து வையுங்கள். பிணைப்பணம் திரும்புவது பெரும்பாலும் அந்தப் படங்களினாற்றான்.

கொழும்பிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் கிடைத்ததும் சாவி தபாலில் வரும் என்றும் சொல்லும் விளம்பரங்கள் மோசடி. வந்திறங்கும் முதல் சில வாரங்களுக்கு உறவினர் வீட்டிலோ, வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு வீடு தேடுவதே பாதுகாப்பு.

வாடகை அறை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; இது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். நம்மவர் வீட்டில் ஓர் அறை எடுக்கும்போது ஒப்பந்தம் எழுதக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். "அண்ணன் வீடு மாதிரி, எழுத்தெல்லாம் எதற்கு?" என்கிறோம். அவ்வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவருடன் எழுத்து ஒப்பந்தமின்றி வசிப்பவருக்கு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. மனக்கசப்பு வந்தால் ஒரே வாரத்திற் பெட்டியுடன் வெளியேற நேரும். ஒரு பக்கத் தாளிற் பெயர்கள், வாடகை, பிணைப்பணம், தொடங்கும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவும் அதனாற் கெடாது.

இங்கு வாடகை வரலாறு இல்லாதோர் விண்ணப்பத்துடன் வேலைக் கடிதம், வங்கிக் கூற்று, ஊரில் வாடகை கட்டிய சான்று இருந்தால் அதன் மொழிபெயர்ப்பு, உங்களை அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரே கோப்பாகத் தயாரித்து வைத்திருங்கள். வீட்டைப் பார்த்த அன்றே விண்ணப்பிப்பவருக்குத்தான் வாய்ப்பு. ஒப்பந்தத்தின் ஆங்கிலம் புரியாவிட்டால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் மூலம் நியாய வர்த்தகத் திணைக்களத்துடனும் நகரசபையுடனும் தமிழிலேயே பேசலாம். பிள்ளையை உரைபெயர்ப்பாளராக அமர்த்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிணைப்பணத் தகராறு தெரிய வேண்டியதில்லை.

நூலகத்தின் பின்மேசையில் இப்பகுதியின் தொடருந்து வரைபடமும் வெற்று நிலை அறிக்கைப் படிவங்களும் வைக்கப்பட்டுள்ளன, எடுத்துச் செல்லலாம். முன்வரிசையில் இருக்கும் ஐயா நெடுநேரமாகக் கையை உயர்த்தியபடி இருக்கிறார். அவருடைய கேள்வியிலிருந்து தொடங்குவோம்.